தலையிழுத்தல்: நாரந்தனைக் குழந்தையின் சிக்கும் தாயின் நேரமும்

1. தோற்றுவாய்

அரசர், போர், கோயிற்றிருப்பணி என்பவற்றையே வரலாறெனக் கொண்ட நிலை மாறி, உழவு, உடை, உணவு, குடிநீர் முதலியனவும் வரலாற்றின் பொருளாக ஏற்றுக்கொள்ளப்பட்டு நெடுங்காலமாயிற்று. ஆயினும் வீட்டின் உள்ளே, காலைப்பொழுதில், தாய்க்கும் குழந்தைக்கும் இடையே நாள்தோறும் நிகழும் சில செயல்கள் இன்னமும் ஆய்வாளரின் கண்ணிற் படாதனவாகவே உள்ளன. குழந்தையின் தலையைச் சிக்கெடுத்து வாரிவிடுதல் அவற்றுள் ஒன்று. இதனை அற்பமெனத் தள்ளுவோர், பள்ளிக்கூடஞ் செல்லும் பெண்பிள்ளை ஒருத்தியுள்ள எந்த வீட்டிலும் அதற்குச் செல்லும் நேரத்தையும் சிந்தும் கண்ணீரையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நாரந்தனை, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கேயுள்ள வேலணைத்தீவில் ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த ஊர். ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லெய்டன் எனப் பெயரிட்டனர். கரம்பொன், புளியங்கூடல், சரவணை, சுருவில் என்பன அயலூர்கள். ஆறு எதுவும் இல்லாத நிலம், சுண்ணக்கற் பாறை, பனை, மழைநீரை நம்பிய வயல், துலாவால் நீரிறைத்துச் செய்த தோட்டம், வெளியூரிற் கடை வைத்தோ உத்தியோகம் பார்த்தோ பணம் அனுப்பிய ஆண்கள், வீட்டையும் வளவையும் தனித்து நடத்திய பெண்கள். இச்சூழலிலே குழந்தையின் தலைமயிர் எவ்வாறு பேணப்பட்டது, அப்பணியை எளிதாக்கியவை எவை, கடினமாக்கியவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது முடிபை முதலிலேயே கூறிவிடலாம். மயிரிற் சிக்கு விழுவது இயற்கை. அச்சிக்கு நோவாக மாறுவது சமூக நிலை. நன்னீரும், எண்ணெயும், அவை யாவற்றினும் மேலாகத் தாயின் கையில் ஓய்வான நேரமும் உள்ள வீட்டிற் குழந்தை அழுவதில்லை. இவை மூன்றும் அற்ற வீட்டில் அழுகிறது. ஆகவே குழந்தையின் தலைவாரலை எளிதாக்கிய வரலாறு சீப்பின் வரலாறு மட்டுமன்று. நீரினதும் பெண்ணின் உழைப்பினதும் வரலாறுமாகும்.

2. சொற்கள் தரும் சான்று

எழுத்தாவணங்கள் பேசாத இடத்திற் சொற்கள் பேசும். தலைமயிரைச் சீப்பாற் செம்மைப்படுத்துதலைத் தமிழகத்தார் தலைவாருதல் என்றும் தலைசீவுதல் என்றும் வழங்குவர். யாழ்ப்பாணத்தாரும் தீவுப்பகுதியினரும் அதனைத் ‘தலையிழுத்தல்’ என்பர். ‘தலை இழுத்துப் பின்னிவிடு’ என்பது இங்கு அன்றாட வழக்கு. சீவுதல் என்றதும் பனைநாட்டில் நினைவுக்கு வருவது பாளை சீவுதலே. வாருதல் என்னுஞ் சொல் அள்ளுதலையும் சேர்த்தெடுத்தலையும் உணர்த்தும். அதில் நோவின் சாயல் இல்லை. இழுத்தல் என்பதோ வலிமை செலுத்துவோரையும், அதற்கு எதிர்நிற்கும் ஒன்றையும் ஒருங்கே சுட்டும். தாய் இழுக்கிறாள், சிக்கு எதிர்நிற்கிறது, இரண்டுக்கும் இடையே குழந்தையின் மண்டைத்தோல் அகப்பட்டுக்கொள்கிறது. செயலின் மெய்ந்நிலையை இச்சொல் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது எனலாம்.

இதற்கு முந்திய படிகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. விரல்களால் மயிரைப் பிரித்துவிடுதல் கோதுதல். முடிச்சு விழுந்த இடத்தை அவிழ்த்தல் சிக்கெடுத்தல். மயிரை இருகூறாக்குதல் உச்சி பிரித்தல். நடுவிற் பிரிப்பது நடு உச்சி, ஒருபுறமாகப் பிரிப்பது கன்ன உச்சி. பேனும் ஈரும் தேடுதல் பேன் பார்த்தல். பேனின் முட்டையாகிய ஈரை நீக்குவதற்கெனத் தனிக் கருவியும், அதற்கு ஈர்கொல்லி என்னும் பெயரும் இருந்தன. ஒரு சிறு பணிக்கு இத்துணைச் சொற்கள் அமைந்தமை, அது ஒரே இழுப்பில் முடியும் பணியன்று, படிமுறையாகச் செய்யப்படும் ஒரு தொழில் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். கோதி, சிக்கெடுத்து, உச்சி பிரித்து, இழுத்து, பின்னுதல் என்பதே முறை. நடுவிலுள்ள படிகள் விடுபட்டு ‘இழுத்தல்’ மட்டும் எஞ்சும்போதே குழந்தை அழுகிறது.

சங்க நூல்களிற் பெண்களின் கூந்தல் ‘ஐம்பால்’ எனப்பட்டது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக ஒப்பனை செய்யப்பட்டமையால் அப்பெயர் வந்ததென உரையாசிரியர் விளக்குவர். இவை பெரும்பாலும் இளமகளிரின் அழகு பற்றியன; வாரிவிட்ட கையைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அக்கை வெளிப்படையாகத் தோன்றும் இடம் வியப்புக்குரியதாக, போர்ப்பாடல் ஒன்றில் உள்ளது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றின் 279ஆம் பாடலிலே, தந்தையையும் கணவனையும் போரில் இழந்த மறக்குடிப் பெண்ணொருத்தி, தன் ஒரே மகனாகிய சிறுவனின் பரட்டைக் குடுமிக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். உரைகள் பலவும் அவளது மறப்பண்பையே போற்றும். நாம் இங்கே நோக்கற்பாலது வேறொன்று. விரிந்து காய்ந்துகிடக்கும் பிள்ளையின் மயிருக்கு முதலில் எண்ணெய் பூசவேண்டும் என்பது ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்த் தாயின் கைப்பழக்கமாக இருந்தது என்பதே அது. மரணத்துக்கு அனுப்பும் வேளையிலும் அந்தக் கை அப்பழக்கத்தை மறக்கவில்லை.

3. சீப்பு என்னும் கருவி

சீப்பு அழகுக்கெனத் தோன்றிய பொருள் என்று கருதுவது தவறு. இன்றைய இசுரேலில் உள்ள லாக்கீசு என்னும் தொல்லிடத்தில் 2016ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட சிறிய யானைத்தந்தச் சீப்பொன்றில் கானானிய எழுத்தில் ஒரு வாக்கியம் பொறிக்கப்பட்டிருந்தமை 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. ஏறத்தாழக் கி.மு. 1700ஆம் ஆண்டினதெனக் கணிக்கப்படும் அச்சீப்பின் வாசகம், தலைமயிரிலும் தாடியிலுமுள்ள பேனை இது வேரறுக்குக என்னும் வேண்டுதலேயாகும். அகரவரிசை எழுத்திற் கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியங்களுள் ஒன்று பேனைப் பற்றியது என்பது வரலாற்று மாணவர் மறக்கத்தகாத செய்தி. அச்சீப்பின் ஒருபுறத்தில் 6 தடித்த பற்களும் மறுபுறத்தில் 14 மெல்லிய பற்களும் இருந்தன. தடித்தவை சிக்கெடுக்க, மெல்லியவை பேனும் ஈரும் நீக்க. எமது ஊர்களிலே வழங்கிய இருபுறப் பேன்சீப்பின் அமைப்பும் இவ்வகையினதே. சிந்துவெளி நகரங்களிலும் தந்தச் சீப்புகள் கிடைத்துள்ளன.

இலங்கையைப் பொறுத்தவரை, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கரையோரச் சிங்கள ஆண்கள் கொண்டையில் அணிந்த வளைந்த ஆமையோட்டுச் சீப்பு ஐரோப்பியரின் குறிப்புகளிலும் ஓவியங்களிலும் பெரிதும் இடம்பெற்றது. அது சிக்கெடுக்கும் கருவியன்று, தகுதியின் அடையாளம். இவ்வேறுபாடு கருத்திற் கொள்ளத்தக்கது. அணியாகிய சீப்பு ஆவணங்களில் இடம்பெறுகிறது. குழந்தையின் தலையிற் பயன்பட்ட கொம்புச் சீப்பும் மரச்சீப்பும் பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை.

1870ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் செலுலொயிட் என்னும் செயற்கைப் பொருள் தோன்றியதும், கொம்பும் ஆமையோடும் தந்தமும் பெற்றிருந்த இடத்தை அது கைப்பற்றத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போரின் பின்னர் பிளாஸ்ரிக் அதன் இடத்தைப் பெற்றது. மலிவினால் ஒவ்வொரு வீட்டுக்கும் சீப்புக் கிடைத்தமை பெரும் நன்மையே. ஆயினும் பண்டத்தின் பெருக்கம் நோவைக் குறைத்ததெனக் கூறமுடியாது. அச்சில் வார்க்கப்பட்ட மலிவுச் சீப்பின் பற்களில் நிற்கும் கூரிய விளிம்பு மயிரின் மேற்செதிலைச் சுரண்டும். காய்ந்த மயிரில் பிளாஸ்ரிக் உரசும்போது எழும் மின்னேற்றம் மயிர்களை ஒன்றையொன்று விலக்கிப் பறக்கச் செய்யும். மேலும் சந்தையில் வந்த சீப்பு பெரும்பாலும் வளர்ந்தோரின், குறிப்பாகக் குறுமயிர் ஆண்களின், சட்டைப்பைக்கு அளவானது. நெருங்கிய பற்களுடைய அச்சீப்பே நீண்ட மயிருடைய சிறுமியின் தலைக்கும் பயன்பட்டது.

ஆண்பிள்ளைகளின் நிலை இக்காலத்தில் மாறியது. ஆங்கிலக் கல்வியோடும் உத்தியோகத்தோடும் வந்த குறுமயிர் வழக்கம் குடுமியை அகற்றிற்று. சிறுவர்கள் ஒரே தலைமுறையிற் சிக்கின் துன்பத்திலிருந்து விடுபட்டனர். சிறுமியருக்கு அவ்விடுதலை வாய்க்கவில்லை. நீண்ட கூந்தல் பெண்மையின் இலக்கணமாகத் தொடர்ந்து காக்கப்பட்டது. நவீனத்துவத்தின் வசதி முதலில் ஆணுக்கும், மரபின் சுமை தொடர்ந்து பெண்ணுக்கும் என்ற பொதுவிதி தலைமயிரிலும் செயற்பட்டதைக் காண்கிறோம்.

4. நீரும் எண்ணெயும்

சீப்பினும் முதன்மையானது நீர். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தவை. ஒக்தோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை நிலத்துள் இறங்கி, கடல்நீர் ஊறிய அடிப்படையின் மேல் மெல்லிய நன்னீர் வில்லையாக மிதக்கிறது. மழை குறைந்த மாதங்களில் அவ்வில்லை மெலிய, கிணற்று நீர் உவர்க்கத் தொடங்குகிறது. தீவுப்பகுதியின் பல இடங்களில் நன்னீர்க் கிணறு ஓரிடத்திலும் உவர்க்கிணறு அடுத்த வளவிலும் இருத்தல் கூடும். நல்ல தண்ணீருக்குக் குடத்துடன் நடத்தல் தீவகப் பெண்ணின் நாளாந்தக் கடமையாயிற்று. தொலைவிலிருந்து சுமந்துவந்த நீர் முதலிற் குடிக்கவும் சமைக்கவுமே பயன்படும். தலைமுழுக்கு வீட்டுக் கிணற்றின் உவர்நீரிலேயே நடக்கும்.

இந்நீரின் தன்மை குழந்தையின் தலையில் நேரடியாக வெளிப்படுகிறது. சுண்ணக்கல்லினூடாக வந்த நீரில் கல்சியமும் மக்னீசியமும் மிகுதி. சவர்க்காரம் அவற்றோடு கூடிக் கரையாத வெண்படிவாக மாறி மயிரில் ஒட்டிக்கொள்கிறது. சவர்க்காரத்தின் காரத்தன்மை மயிரின் மேற்செதில்களை உயர்த்துகிறது. செதில் உயர்ந்த மயிர்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்கின்றன. கழுவிய பின்னர் மயிர் முன்னிலும் முரடாயிருப்பது இதனாலேயே. இருபதாம் நூற்றாண்டிற் சவர்க்காரம் தூய்மையின் சின்னமாகப் பள்ளிக்கூடத்திலும் விளம்பரத்திலும் போற்றப்பட்டபோது, சுண்ணநீர் நிலத்தில் அது தலைமயிருக்கு நன்மை செய்யவில்லை என்பதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

இதற்கு மாறாக, ஊரின் பழைய முறை இந்நீருக்கு ஏற்றதாகவே அமைந்திருந்தது. சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் சேர்த்து அவித்து அரைத்துத் தோய்தல் யாழ்ப்பாணத்து வழக்கம். சீயாக்காயில் உள்ள சபோனின் நுரைதந்து அழுக்கை நீக்கும். ஆனால் சவர்க்காரம் போலச் சுண்ணத்தோடு கூடிப் படிவாகாது. தேசிக்காயின் புளிப்பு மயிரில் ஒட்டிய சுண்ணப் படிவைக் கரைத்து, உயர்ந்த செதில்களைப் படியச் செய்யும். வெந்தயத்தின் வழுவழுப்பு மயிரின் மேற் படலமாகப் படிந்து சீப்பை வழுக்கிச் செல்லவைக்கும். செவ்வரத்தை இலையை அரைத்துப் பூசுவதன் பயனும் இதுவே. இலுப்பை எண்ணெய் எடுத்த பின்னர் எஞ்சும் அரப்பும் சபோனின் உடையது. இன்று புட்டியில் விற்கப்படும் கண்டிஷனரின் வேலையும் இதனின் வேறன்று. எதிரேற்றமுள்ள மயிரில் நேரேற்றமுள்ள மூலக்கூறுகளை ஒட்டவைத்து உராய்வைக் குறைப்பதே அதன் தத்துவம்.

எண்ணெயின் பங்கு இதனினும் பெரிது. நீரூறிய மயிர் இளகி நீளும். அந்நிலையிற் சீப்பால் இழுத்தால் எளிதில் அறும். எனவே எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்த பின்னரே குழந்தையை முழுகவார்த்தல் என்னும் ஒழுங்கு காரணமுடையது. 2003ஆம் ஆண்டு வெளியான ரேலே, மொகிலே ஆகியோரின் ஆய்வு, தேங்காயெண்ணெய் மயிரினுட் புகுந்து புரத இழப்பைக் குறைப்பதையும், கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யாமையையும் காட்டிற்று. தேங்காயெண்ணெயிலுள்ள இலோரிக் அமிலத்தின் நேரிய சிறிய மூலக்கூறே இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது. தீவுகள் பனையின் நிலம்; தென்னை அங்கு அருமை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பச்சிலைப்பள்ளிப் பகுதியிற் தென்னந்தோட்டங்கள் பெருகிய பின்னரும், தேங்காயெண்ணெய் நாரந்தனை வீட்டுக்குக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகவே வந்தது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் அவ்வாறே. சமையலுக்கே எண்ணெய் அளந்து ஊற்றும் வீட்டிற் தலைக்கு எத்துணை கிடைக்கும் என்பது பொருளாதார வினா. ‘எண்ணெய் காணாத தலை’ என்னும் வழக்கு வறுமையைக் குறிப்பது தற்செயலன்று.

5. கிணறும் சாதியும் பள்ளிக்கூடமும்

நீர் இயற்கையின் கொடையாயினும் கிணறு உடைமையாகும். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினரின் கிணறுகளில் தாமாக நீர் அள்ளுதல் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. கிணற்றடியிற் காத்துநின்று, பிறர் அள்ளி ஊற்றுவதை ஏற்கும் நிலை அவர்களுக்கு விதிக்கப்பட்டது. நன்னீர்க் கிணறுகள் அரிதான தீவுகளில் இத்தடையின் கொடுமை இரட்டிப்பாகும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கிற்று. ஆயினும் சட்டம் கிணற்றடிக்கு வந்துசேர மேலும் பல போராட்டங்கள் தேவைப்பட்டன. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் உச்சமடைந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அவற்றுள் பலரறிந்தது. கோயிற் கதவைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குக் கிணற்றடி பற்றி எழுதப்படவில்லை. குடிநீருக்கே காத்துநின்ற தாய், குழந்தையின் தலைமுழுக்குக்கு எத்துணைக் குடம் கேட்டிருக்க முடியும்?

இந்நிலையிலே பள்ளிக்கூடம் ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறிமார் 1824ஆம் ஆண்டு உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நிறுவியது முதல், பெண்கல்வி படிப்படியாகப் பரவிற்று; தீவுப்பகுதியிற் கத்தோலிக்கரும் சைவரும் பாடசாலைகளை அமைத்தனர். 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வி எல்லாச் சாதி, எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. இது மாபெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அதனோடு, வெள்ளைச் சீருடையும், எண்ணெய் வைத்து இழுத்து மடித்துக்கட்டிய இரட்டைப் பின்னலும் மாணவியின் தகுதிக் குறிகளாயின.

1929ஆம் ஆண்டளவில் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளிற் சமாசனம் வற்புறுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு நன்கறியப்பட்டது. வாங்கிற் சமமாக அமரும் உரிமை கிடைத்த பின்னரும், பரட்டைத் தலையும் பேனும் ஒருத்தியைப் பின்வாங்குக்குத் தள்ளப் போதிய காரணங்களாயின. சாதியின் பெயரால் விலக்குதல் கூடாதென்றான பின்னர், சுத்தத்தின் பெயரால் விலக்குதல் எளிதாயிற்று. உண்மையிற் பேன் சாதி பார்ப்பதில்லை. தலையோடு தலை படும் நெருக்கத்திற் பரவுவதன்றி, அழுக்கிற் பிறப்பதுமில்லை. ஆனால் பேனை நீக்கத் தேவைப்படும் நேரமும் நீரும் எண்ணெயும் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1993ஆம் ஆண்டு முதல் அரசு சீருடைத் துணியை இலவசமாக வழங்கிற்று. சீருடைக்கு வழங்கப்பட்ட துணியோடு தலைக்கு வேண்டிய நல்ல தண்ணீரும் வழங்கப்பட்டதில்லை என்பதைச் சமூக வரலாற்றாசிரியன் குறித்தல் வேண்டும்.

6. கையின் அறிவும் கணிதத்தின் முடிவும்

நோகாமற் தலையிழுக்கும் முறை ஊரிற் பேணப்பட்டது பெரும்பாலும் பேத்தியாரின் கையிலேயாம். திண்ணையில் ஆச்சி அமர்வாள். கீழ்ப்படியிற் பிள்ளை முதுகுகாட்டி அமரும். முதலில் எண்ணெய். பின்னர் விரல்களாற் கோதல். மயிரை இரண்டு மூன்று கூறாகப் பிரித்து ஒன்றைக் கையிலெடுத்து மற்றவற்றை ஒதுக்கிக் கட்டல். எடுத்த கூற்றை இடக்கைப் பிடிக்குள் இறுக வைத்து, அப்பிடிக்குக் கீழேயே சிக்கெடுத்தல். இழுவிசை பிடியோடு நின்றுவிடும், மண்டைத்தோலுக்குச் செல்லாது. நுனியிலிருந்து இரண்டு விரற்கடை; அது நேரானதும் இன்னும் இரண்டு விரற்கடை மேலே. இவ்வாறே உச்சிவரை ஏறுதல். பெரிய பற்சீப்பு முதலில். நெருங்கிய பற்சீப்பு இறுதியில். இடையிடையே ஒரு கதை, ஒரு நொடி. ‘பொறு மேனை, நோகாமல் இழுத்துவிடுறன்’ என்னும் சொல் ஏமாற்றன்று. அது நிறைவேற்றத்தக்க வாக்குறுதியாகும்.

இந்த முறையை அண்மையிற் கணிதம் ஆராய்ந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கும் எல். மகாதேவனும் அவருடைய துணையாய்வாளர்களும் சிக்கெடுத்தலின் இயக்கவியல் பற்றிய ஆய்வொன்றை 2022ஆம் ஆண்டு வெளியிட்டனர். சிறு பிள்ளைகளின் தந்தையாக அவர்களுடைய தலையை வாரிய அனுபவமும் அவரை இவ்வினாவுக்கு இட்டுச் சென்றது. ஒன்றையொன்று சுற்றிய இரு சுருள் இழைகளையும் அவற்றினூடே செல்லும் ஒற்றைப் பல்லையும் மாதிரியாகக் கொண்டு, பின்னலின் கணுக்கள் எவ்வழியே வெளியேறுகின்றன என்பதை அவர்கள் கணித்தனர். கணுக்கள் கட்டற்ற நுனிவழியாகவே வெளியேறமுடியும். வேரிலிருந்து நீள இழுத்தால் அவை நுனிப்புறத்தில் நெருங்கி இறுகும். நுனியிற் தொடங்கிய குறுகிய இழுப்புகள் அவற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றும்.

ஆச்சி அறிந்ததையே அறிஞர் கண்டனர் என்று மகிழ்ந்து அமைவது எமது நோக்கமன்று. அந்த ஆய்வில் வரலாற்று மாணவருக்குப் பயன்படும் இன்னொரு முடிபு உண்டு. இழுப்பு குறுகக் குறுக நோவு குறையும். ஆனால் இழுப்புகளின் எண்ணிக்கையும், ஆதலாற் செலவாகும் நேரமும், கூடும். இழுப்பு நீள நீள நேரம் மிச்சமாகும், நோவு மிகும். அஃதாவது நோவும் நேரமும் ஒன்றுக்கொன்று விலையாகின்றன. இங்கேதான் இயக்கவியல் சமூகவியலைச் சந்திக்கிறது. ஆச்சியின் கை மென்மையாயிருந்தமைக்கு அவளுடைய அன்பு மட்டுமன்று, அவளுடைய நேரமும் காரணம். விடியுமுன் எழுந்து, தண்ணீர் அள்ளி, முற்றம் கூட்டி, அடுப்பு மூட்டி, ஆட்டுக்குக் குழை போட்டு, தோட்டத்துக்கோ வயலுக்கோ செல்லவேண்டிய தாய்க்குப் பள்ளிக்கூட மணிக்கு முன்னர் எஞ்சிய நேரம் மிகச் சிறிது. அவள் வேரிலிருந்து நீள இழுத்தாள். அவளுடைய அன்பு குறைவாயிருக்கவில்லை; அவளுடைய காலைப்பொழுது குறைவாயிருந்தது. ‘அம்மா இழுத்தால் நோகும், ஆச்சி இழுத்தால் நோகாது’ என்று பிள்ளைகள் சொல்வதன் உட்பொருள் இதுவேயாகும்.

கூட்டுக்குடும்பத்தின் இந்த நன்மையை ஏற்கும் வேளையிலே அதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பேத்தியாரின் ஓய்வும் ஊதியமற்ற உழைப்பே. வெளியூருக்குச் சென்ற ஆண்களின் வருவாய் குடும்பக் கணக்கில் எழுதப்பட்டது; வீட்டில் நின்ற மூன்று தலைமுறைப் பெண்களின் நேரம் எங்கும் எழுதப்படவில்லை. தந்தை மகளின் தலையை இழுத்துவிடுதல் வழக்கத்துக்கே அயலானதாகக் கருதப்பட்டது.

7. இடப்பெயர்வும் புலம்பெயர்வும்

1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தீவுப்பகுதியில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கைகளை அடுத்து ஊர்காவற்றுறைப் பகுதி மக்களிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் இறுதியில் வலிகாமமே வெறுமையாகியபோது அவர்களிற் பலர் மீண்டும் இடம்பெயர்ந்தனர். பொருளாதாரத் தடைக்காலத்திற் சவர்க்காரமும் எண்ணெயும் அரிதாயின. துணி தோய்க்கப் பனம்பழம் மீண்டும் பயன்பட்டது. முகாம்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் நெருங்கி வாழ்ந்த பிள்ளைகளின் தலையிற் பேன் பரவுதல் தவிர்க்கமுடியாததாயிற்று. நெடுங்கூந்தலைப் புகழ்ந்த அதே தாய்மார் தம் பெண்பிள்ளைகளின் மயிரைக் கழுத்தளவிற் கத்தரித்தனர். அக்காலத்தின் குழந்தை ஒளிப்படங்களிற் காணும் குறுமயிர் நாகரிகத்தின் வரவன்று, நீரின்மையின் அடையாளம்.

புலம்பெயர்ந்தோர் நிலை வேறு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குழாயில் நீர் தாராளமாக வருகிறது. சிக்கெடுக்கும் தெளிப்பானும் வெவ்வேறு நீளப் பற்களுடைய தூரிகையும் கடையிற் கிடைக்கின்றன. இலண்டன் முடியலங்கரிப்பாளரான ஷோன் புல்ஃப்ரி தாம் வடிவமைத்த ‘டாங்கிள் டீசர்’ என்னும் அத்தகைய தூரிகையை 2007ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சி முதலீட்டாளர் முன் வைத்தபோது அவர்கள் அதனை ஏற்கவில்லை. பின்னர் அது உலகெங்கும் விற்பனையாயிற்று. அதன் நீண்ட பற்கள் சிக்கினுட் புகுந்து வளைந்துகொடுக்கின்றன; குறும்பற்கள் மேலே மட்டமாக்குகின்றன. வேலைக்கு விரையும் தாய்க்கும் தந்தைக்கும் இது உண்மையான உதவியே. இரண்டு வேலை பார்க்கும் குடும்பத்தில் ஆச்சியின் நேரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக்கின் நெகிழ்ச்சி வாங்கப்படுகிறது எனலாம். மகளின் தலையைத் தந்தை வாரிவிடும் வழக்கம் அங்கு தோன்றியிருப்பது, எந்தத் தூரிகையினும் குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, குழந்தையின் தலைவாரலை எளிதாக்கும் அறிவு எமது ஊர்களிற் குறைவாயிருந்ததில்லை. நுனியிற் தொடங்குதல், எண்ணெயை முன்வைத்தல், வேர்ப்புறத்தைப் பிடித்துக்கொள்ளுதல், இரவிற் தளரப் பின்னிவிட்டு மறுநாட் சிக்கைத் தடுத்தல் ஆகிய யாவும் இன்றும் பயன்தருவன. எந்த வீட்டிலும் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்கன. இரண்டாவது, அவ்வறிவைச் செயற்படுத்தும் வசதி சமமாகப் பகிரப்படவில்லை. கிணறும் எண்ணெயும் நேரமும் யாரிடம் இருந்தனவோ அவர்களின் பிள்ளைகள் அழாமற் பள்ளிக்கூடஞ் சென்றனர். மூன்றாவது, அந்த ஏற்றத்தாழ்வை மறைத்து, பரட்டைத் தலையைத் தாயின் சோம்பலாகவும் குழந்தையின் குற்றமாகவும் காட்டியதிற் பாடசாலைக்கும் பங்குண்டு.

வடக்கின் குடிநீர்த் தேவைக்கென 2024ஆம் ஆண்டு தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீரின் பயனை மதிப்பிடுவோர் குடிநீரின் அளவையும் நோய்களின் எண்ணிக்கையையும் கணிப்பர். அக்கணக்கிற் பெண்ணின் காலைப்பொழுதையும் சேர்த்தல் வேண்டும். குடம் சுமக்கும் அரைமணி நேரம் மிச்சமானால், அதிற் கால்மணி நேரமாவது குழந்தையின் தலைக்குக் கிடைக்கும். அந்தக் கால்மணி நேரத்தையும் தாய் ஒருத்தியே தரவேண்டும் என்ற எண்ணம் மாறி, தந்தையும் அண்ணனும் சீப்பைக் கையிலெடுக்கும்போது, ‘இழுத்தல்’ என்னுஞ் சொல் வழக்கில் நிலைத்திருப்பினும் அதன் நோவு நீங்கிவிடும்.